6,000 வரி எழுதினேன், சேர்ந்தது இரண்டே வரி

சென்னை எம்.சி. ரோட்டில் என் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன ஜவுளிக்கடை இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அந்தக் கடைக்கு பில் போடவும் சரக்கிருப்பு பார்க்கவும் ஒரு கட்டற்ற மென்பொருளை நான்தான் நிறுவிக் கொடுத்தேன். காசு கிடையாது, மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும். அதன் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்டேன். முதல் பில் பிரிண்டரிலிருந்து வந்தபோது, ‘சுங்குடி சேலை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நின்றன. சித்தப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, சேலைய வித்தமா, கேள்வி கேட்டமா?” என்றார். காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த மென்பொருள் தகவலைச் சேமிக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 8.0க்கு முந்தைய பதிப்புகள், நாம் எதுவும் சொல்லாவிட்டால், லத்தீன் எழுத்துகளுக்கான ஏற்பாட்டிலேயே தரவுத்தளத்தை உருவாக்கிவிடும். தமிழ் எழுத்துக்கு அதில் இடமே கிடையாது. கடைக் கணினியில் இருந்தது அப்படி ஒரு பழைய பதிப்பு. உருவாக்கும்போதே, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் ஏற்பாட்டின் பெயரான யூடிஎஃப்8எம்பி4 என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும். அந்த ஒரு சொல்லைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு நாள் ஆனது. கையேட்டில் அதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நான் கொருக்குப்பேட்டையில் வளர்ந்தவள். பி.காம் முடித்துவிட்டு, தம்பு செட்டி தெருவில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். அங்கேயும் என் வேலைக்குப் பெயர் டாக்குமென்டேஷன்தான். ஆனால் அது கப்பல் சரக்குக்கான காகிதங்கள்: இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங். கன்டெய்னர் எண் என்றால் நான்கு எழுத்து, ஏழு இலக்கம். கடைசி இலக்கம் முன்னால் இருப்பவை சரிதானா என்று பார்ப்பதற்காகவே வைத்தது. ஒரு இலக்கம் மாறினால் சரக்கு நின்றுவிடும், திருத்தக் கட்டணம் கட்ட வேண்டும், பார்ட்டியிடம் திட்டு வாங்க வேண்டும். காகிதத்தில் விட்டுப்போன ஒரு வரி எங்கேயோ ஒருத்தருடைய பிழைப்பை நிறுத்திவிடும் என்பது எனக்கு அந்த ஆபீசில் ஊறிப்போன விஷயம். அதனால்தான் அந்தக் கையேட்டின் மேல் அவ்வளவு கோபம் வந்தது. கோபத்தோடு கோபமாக, இதை நானே எழுதித் தந்தால் என்ன என்ற ஆசையும் வந்தது. மென்பொருளுக்குக் கையேடு எழுதும் டெக்னிக்கல் ரைட்டர் என்று ஒரு வேலை இருப்பதும், ஓப்பன் சோர்ஸில், அதாவது இப்படி மூலநிரல் திறந்திருக்கும் மென்பொருள்களில், எழுதிக் காட்டினால் அதற்கு வழி பிறக்கும் என்று பலர் சொல்வதும் அப்போதுதான் தெரிய வந்தது. அதற்கு அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். யாராவது எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு வருடமும் 1,40,500 ரூபாயும் மிஞ்சியிருக்கும்.

அந்தப் பதினொரு நாள் முடிந்த ராத்திரியே நான் ஒரு வேலை செய்திருக்க வேண்டும். எங்கே மாட்டினேன், எதைச் செய்ததும் சரியானது என்று இரண்டு வரி எழுதி அனுப்பியிருக்க வேண்டும். புதிதாக வருபவருக்கு மட்டுமே தெரிகிற விஷயம் அது. மென்பொருளை எழுதியவர்களுக்கு எங்கே வழுக்கும் என்று தெரியாது, அவர்கள் அந்தப் படியைக் கடந்து பல வருடம் ஆகியிருக்கும். நமக்குமே ஒரு மாதத்தில் மறந்துவிடும். நான் அதை அனுப்பாமல், முழுக் கையேட்டையும் அடியிலிருந்து திருத்தி எழுதுவதாக முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். எழுதி முடித்து மொத்தமாக நீட்டினால் அசந்து போவார்கள் என்ற எண்ணம் இன்னொரு பக்கம்.

பழைய லேப்டாப் ஒன்று 23,000 ரூபாய்க்கு வாங்கினேன். பகலில் ஆபீஸ், ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த எழுத்து. அம்மா தூக்கம் கலைந்து எழுந்து வந்து, “ராத்திரி ஒரு மணிக்கு யாருக்குடி எழுதிக் குடுக்குற?” என்று கேட்பார். எல்லாருக்கும்மா என்பேன். “எல்லாருக்கும்னா, துட்டு யாரு குடுப்பா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்ப் படுத்துவிடுவார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாததுதான் ஏப்ரலில் என்னை ஒரு பயிற்சி நிறுவனத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. ‘ஓப்பன் சோர்ஸ் டாக்குமென்டேஷன் இன்டர்ன்ஷிப்’, எட்டு வாரம், சான்றிதழுடன், 12,500 ரூபாய். பெயர் சொல்ல விருப்பமில்லை. எட்டு வாரமும் அவர்கள் செய்ய வைத்தது, அவர்களே உருவாக்கிய ஒரு காலி மென்பொருளின் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் எங்கள் பெயரைச் சேர்ப்பது, பிறகு எளிய குறிகளால் எழுத்தை வடிவமைக்கும் மார்க்டவுனில் தலைப்பு போடுவது, பட்டியல் போடுவது. இவை எல்லாம் இலவசமாக ஒரு சாயந்திரத்தில் கற்றுக்கொள்ளக்கூடியவை. சான்றிதழ் பிடிஎஃபாக வந்தது. அதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தன்னார்வமாக வேலை செய்ய வருபவரிடம் எந்த உண்மையான ஓப்பன் சோர்ஸ் திட்டமும் பணம் வாங்காது. பணம் கை மாறினால், அது அவர்களிடமிருந்து நமக்குத்தான் வர வேண்டும். அவுட்ரீச்சி என்று ஒரு திட்டம் இருக்கிறது. ஓப்பன் சோர்ஸில் இடம் கிடைக்காதவர்களுக்காக நடப்பது. நிரல் எழுதுவது மட்டுமல்லாமல் ஆவணம் எழுதும் வேலைகளும் அதில் உண்டு, தேர்வானவர்களுக்கு 7,000 டாலர் உதவித்தொகை. 2019இல் கூகுள் ஆவணங்களுக்கென்றே ஒரு பருவத் திட்டம் தொடங்கியது, அதிலும் எழுதுபவருக்குப் பணம் கொடுத்தார்கள். இவை இருப்பதே தெரியாமல் நான் 12,500 ரூபாயை ஜிபேயில் அனுப்பிவிட்டு, ஸ்கிரீன்ஷாட்டை வாட்ஸ்அப்பில் வேறு போட்டேன்.

அந்தப் பயிற்சியில் நடந்த இன்னொரு கெடுதல் பணத்தைவிட மோசம். கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் முதன்முதலாக அமைக்கும்போது பெயரும் மின்னஞ்சலும் கேட்கும். நான் என் சொந்த முகவரியைக் கொடுத்தேன், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நாம் செய்யும் ஒவ்வொரு கமிட்டிலும், அதாவது பதிந்து வைக்கும் ஒவ்வொரு மாற்றத்திலும், அந்த முகவரி பதிவாகி, பொதுவெளியில் நிரந்தரமாக நிற்கும். பிறகு மாற்றினாலும் பழைய வரலாற்றில் இருப்பது போகாது. முன்பின் தெரியாத இரண்டு பேர் அந்த முகவரியைப் பிடித்து எனக்கு எழுத ஆரம்பித்தார்கள். முதலில் வேலை வாங்கித் தருவதாக, அப்புறம் வேறு மாதிரி. கடைசியில் அந்த முகவரியையே கைவிட்டேன். இந்தத் திட்டங்களின் கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் அமைப்புகளுக்குள் போனால், உண்மை முகவரியை மறைத்துவிட்டு அவர்களே தரும் ஒரு முகவரியைப் பயன்படுத்தும் வசதி இருக்கிறது. முதல் கமிட்டுக்கு முன்னால் அதைச் செய்துவிடுங்கள், பெண் பிள்ளைகள் கட்டாயம் செய்துவிடுங்கள். சில திட்டங்கள் ஒவ்வொரு கமிட்டிலும் நம் பெயரும் முகவரியும் போட்டுக் கையொப்ப வரி கேட்கும். அதற்கென்று தனியாக ஒரு மின்னஞ்சல் வைத்துக்கொள்வது நல்லது.

ஜூன் கடைசியில் வேலையை விட்டேன். மாதம் 17,500 ரூபாய் சம்பளம். கையேட்டை முடித்துவிட்டால் இரண்டு மாதத்தில் டெக்னிக்கல் ரைட்டர் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “உன் இஷ்டம்மா” என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னால் சம்மதம் இல்லை என்று அர்த்தம். ஆனாலும் அந்த ஜூலையும் ஆகஸ்டும் என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதங்கள். அதை மறைக்க மாட்டேன். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். ஒவ்வொரு திரையையும் திறந்து, ஒவ்வொரு பொத்தானும் என்ன செய்கிறது என்று அழுத்திப் பார்த்து, படம் பிடித்து, எழுதினேன். அறுபத்துநான்கு ஸ்கிரீன்ஷாட். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடினால் எல்லோரும் முனகிக்கொண்டு நிற்பார்கள். நான் போனை எடுத்து முந்தைய ராத்திரி எழுதியதைப் படித்துத் திருத்துவேன். கேட் திறந்து பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் நகர்வேன்.

ஆகஸ்ட் 28 அன்று புல் ரிக்வெஸ்ட் போட்டேன், அதாவது என் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் கோரிக்கை. 41 கோப்புகள், ஏறக்குறைய 6,000 வரிகளில் மாற்றம். அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் பதில் இல்லை. ஒரு வாரம் இல்லை. போனில் மின்னஞ்சல் வந்த சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கும், எடுத்துப் பார்த்தால் மின்கட்டணச் செய்தியாக இருக்கும். செப்டம்பர் முழுக்க ஒரு சொல் வரவில்லை. நான் எழுதியது அவ்வளவு மட்டமா, என் இங்கிலீஷ் சரியில்லையா, பெயரைப் பார்த்து ஒதுக்கிவிட்டார்களா என்று என்னென்னவோ தோன்றும். வீட்டில் யாராவது கேட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அக்டோபர் மூன்றாவது வாரம் பதில் வந்தது, மூடப்பட்டது என்ற குறியோடு. எழுதியிருந்தவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். அவர்கள் மொத்தமே இரண்டு பேர், இருவரும் வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் இதைப் பராமரிப்பவர்கள். இவ்வளவு பெரிய மாற்றத்தைப் படித்துச் சரிபார்க்க வழியே இல்லை என்றும், துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பினால் பார்ப்பதாகவும் சொல்லியிருந்தார். கீழே நான்கு காரணங்கள். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். படித்து முடித்ததும் வந்தது கோபம் இல்லை, அவமானம். ஒவ்வொரு காரணமும் நியாயமாக இருந்தது.

முதல் காரணம், கையேட்டை அவர்கள் ஸ்பிங்க்ஸ் என்ற கருவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் எழுதியது மார்க்டவுனில், அவர்களுக்கு வேண்டியது ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற வேறொரு வடிவம். இந்த மாற்றத்தைப் பற்றிய இஷ்யூ, அதாவது குறைகளையும் யோசனைகளையும் எழுதிப் பேசும் பதிவு, ஜூன் மாதத்திலிருந்தே பக்கத்தின் உச்சியில் ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. நான் திறந்தே பார்க்கவில்லை. எந்தத் திட்டத்திலும் எழுத உட்காருவதற்கு முன்னால் பங்களிப்பு விதிகள் இருக்கும் கோப்பை முழுசாகப் படிக்க வேண்டும், ஆவணம் என்ற லேபிள் போட்ட இஷ்யூக்களையும் கடைசி ஆறு மாதத்தில் மூடப்பட்ட புல் ரிக்வெஸ்ட்டுகளையும் பார்க்க வேண்டும். மூடப்பட்டவைதான் முக்கியம். எதை ஏற்கிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள், பதில் சொல்ல எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்று அதில் தெரிந்துவிடும். வெளியாட்கள் அனுப்பியது எதுவுமே ஆறு மாதமாகச் சேரவில்லை என்றால் அங்கே நம் நேரத்தைப் போடக்கூடாது.

இரண்டாவது, வித்தியாசத்தையே படிக்க முடியவில்லை என்றார். இது எனக்குப் புதிது. கிட் மாற்றங்களை வரி வரியாகத்தான் ஒப்பிட்டுக் காட்டும். நான் ஒரு பத்தியை ஒரே நீள வரியாக எழுதியிருந்தேன், பழைய பத்திகளையும் அப்படியே ஒட்டிச் சேர்த்திருந்தேன். அதனால் ஒரு சொல்லைத் திருத்தினாலும் பத்தி முழுக்கச் சிவப்பாகவும் பச்சையாகவும் தெரிந்தது. 6,000 வரி மாற்றத்தில் உண்மையான திருத்தம் பாதிகூட இருக்காது, மீதி வெறும் வரி ஒட்டல். ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்கி எழுதினால் இந்தச் சிக்கலே வராது. யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஆரம்ப காலத்திலேயே, 1974இல், கணினி அறிஞர் பிரையன் கெர்னிகன் இதைச் சொல்லி வைத்திருக்கிறார். பக்கமாகப் பார்க்கும்போது வாக்கியங்கள் ஒட்டிக்கொண்டு பத்தியாகத்தான் தெரியும், படிப்பவருக்கு எந்த வித்தியாசமும் இல்லை. சரிபார்ப்பவருக்கோ பாதி வேலை மிச்சம்.

மூன்றாவது, என் 64 படங்களில் பெரும்பாலானவை பழசாகிவிட்டன. செப்டம்பரில் புதுப் பதிப்பு வந்து மெனு இடது பக்கம் போய்விட்டது. படம் பிடிப்பது சுலபம், அதை உயிரோடு வைத்திருப்பது கஷ்டம். இப்போதெல்லாம் சொல்லால் சொல்ல முடியாத இடத்தில் மட்டும்தான் படம் போடுகிறேன்.

நான்காவதைத்தான் என்னால் ரொம்ப நாள் நினைக்கவே முடியவில்லை. பேக்கப் எடுப்பது பற்றிய அத்தியாயத்தில் மூன்று பத்திகளை வேறு ஒருவருடைய கட்டுரையிலிருந்து எடுத்து லேசாக மாற்றிப் போட்டிருந்தேன். அவர் அதைக் கண்டுபிடித்து, மூலக் கட்டுரையின் உரிமம் என்ன என்று ஒரே வரியில் கேட்டிருந்தார். எனக்குத் தெரியாது. இலவச மென்பொருள்தானே, எல்லாம் எல்லோருக்கும்தானே என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இணையத்தில் உரிமம் எதுவும் சொல்லாமல் இருக்கும் எழுத்து எழுதியவருக்கே சொந்தம். மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று எழுதியவரே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில வகைகள் பெயர் குறிப்பிட்டால் எடுக்க விடும், சில வகைகள் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்று கேட்கும். மென்பொருளுக்கு ஒரு உரிமமும் அதன் கையேட்டுக்கு வேறொரு உரிமமும் இருப்பதும் சகஜம். ஒரு வரியைக்கூட ஒட்டாமல், செய்து பார்த்துச் சொந்தமாக எழுதுவதுதான் தொல்லை இல்லாத வழி. பில் ஆஃப் லேடிங்கில் ஒரு எழுத்துகூட வேறு காகிதத்திலிருந்து சரிபார்க்காமல் எடுக்கமாட்டேன், இங்கே எப்படி எடுத்தேன் என்று இன்றும் கேட்டுக்கொள்கிறேன். அவசரம்தான் காரணம், மனசில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எதிரில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

அதே அக்டோபரில் மனம் ஆறாமல் வேறொரு சின்னத் திட்டத்தில் இரண்டு எழுத்துப்பிழைகளைத் திருத்தி அனுப்பினேன். ஸ்பேம் என்று லேபிள் போட்டு மூடிவிட்டார்கள். அழுதேவிட்டேன். ஏன் என்று பிறகுதான் தெரிந்தது. ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்குத் திருத்தம் அனுப்ப ஊக்கப்படுத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்று வருடா வருடம் அக்டோபரில் ஒரு நிகழ்வு நடக்கும். நான்கு புல் ரிக்வெஸ்ட் போட்டால் டி-ஷர்ட் என்று ஒரு காலத்தில் இருந்தது. 2020இல் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லை மட்டும் சேர்த்து ஆயிரக்கணக்கில் குவித்துவிட்டார்கள். பராமரிப்பவர்கள் கொதித்துப்போனார்கள், அதற்கப்புறம் விருப்பம் தெரிவிக்கும் திட்டங்களை மட்டுமே கணக்கில் எடுப்பது என்று விதியை மாற்றினார்கள். அந்தக் காயம் பலருக்கு இன்னும் இருக்கிறது. முதல் திருத்தத்தை அக்டோபரில் அனுப்பாதீர்கள் என்றுதான் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லுவேன். செப்டம்பரில் அனுப்புங்கள், இல்லாவிட்டால் நவம்பர் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் முழுக்க 41 கோப்புகளையும் பிரித்தேன். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு பிராஞ்ச், அதாவது மாற்றங்களுக்கான தனிக் கிளை, புதிய வடிவத்தில், வாக்கியத்துக்கு ஒரு வரி, படங்கள் நீக்கி, எடுத்தாண்ட பத்திகளைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதி. மாதக் கடைசியில் பதினேழு பிராஞ்ச் தயாராக இருந்தன. தினமும் ஒழுங்காகக் கமிட் செய்தேன். புஷ் மட்டும் செய்யவில்லை. எல்லாம் சுத்தமாக முடிந்த பிறகு அனுப்பலாம், அரைகுறையை யாரும் பார்க்க வேண்டாம் என்ற கூச்சம். கமிட் என்பது நம் கணினிக்குள் மட்டும் நடப்பது, புஷ் செய்தால்தான் வெளியே ஒரு பிரதி போய்ச் சேரும். இது எனக்குத் தெரியாமல் இல்லை.

டிசம்பர் 3 ராத்திரி மிக்ஜாம் புயல் மழை பிடித்தது. எங்கள் வீடு தரைத்தளம், பக்கத்தில் பக்கிங்ஹாம் கால்வாய். விடியற்காலை மூன்று மணிக்கு வாசல்படியைத் தாண்டித் தண்ணீர் வந்தது, கறுப்பாக, சாக்கடை வாசனையோடு. கரண்ட் ஏற்கெனவே போய்விட்டது. அப்பா டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, அரிசி மூட்டையையும் அம்மாவின் தையல் மெஷினையும் கட்டில் மேல் ஏற்றினோம், சிலிண்டரை ஜன்னல் திட்டில் கட்டினோம், ரேஷன் கார்டும் பத்திரமும் இருந்த பையை நான் தோளில் மாட்டிக்கொண்டேன். லேப்டாப் மேஜைக்குக் கீழே இருந்த முக்காலியில், முந்தின ராத்திரி சார்ஜில் போட்டபடியே இருந்தது. ஞாபகம் வந்து குனிந்து தேடியபோது கீபோர்டுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர். தூக்கினால் ஓரத்து ஓட்டையிலிருந்து கொடகொடவென்று வடிந்தது. அப்பா டார்ச் வெளிச்சத்தை அதன் மேல் அடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

எங்கள் தெருவுக்கு 7ஆம் தேதிதான் கரண்ட் வந்தது. கணினிக் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். அந்த வாரம் அங்கே எல்லார் கையிலும் நனைந்த கணினிதான். மதர்போர்டு போய்விட்டது, ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்துப் பார்க்கலாம், 14,000 ஆகும், உத்தரவாதம் கிடையாது என்றார்கள். என்னிடம் அப்போது மொத்தம் 3,000 ரூபாய் இருந்தது. லேப்டாப் 23,000, பயிற்சி 12,500, ஜூலை முதல் டிசம்பர் வரை சம்பளமில்லாத ஆறு மாதத்துக்கு 1,05,000. பீச் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது இந்தக் கணக்கை மனசுக்குள் கூட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜனவரியில் வேறொரு கிளியரிங் ஏஜென்சியில் சேர்ந்தேன். மறுபடி கன்டெய்னர் எண்கள். ஓப்பன் சோர்ஸ் என்ற சொல்லையே யாரிடமும் பேசவில்லை. அரைகுறையாக இருந்தாலும் அன்றன்றைக்கு எழுதியதை அன்றன்றைக்கே புஷ் செய்யுங்கள். கிட்ஹப்பில் வரைவு நிலையிலேயே புல் ரிக்வெஸ்ட் போட்டு வைக்கலாம், இன்னும் முடியவில்லை என்று அதில் தெளிவாகத் தெரியும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். அரைகுறையைப் பார்த்து ஒருவர் முன்கூட்டியே வேண்டாம் என்று சொன்னாலும் அது லாபம்தான்.

2024 ஏப்ரலில் சித்தப்பா கடைக்குப் புதுக் கணினி வந்தது. பழையபடி நிறுவ உட்கார்ந்தேன். கையேடு இப்போது புதிய வடிவத்தில் இருந்தது, நிறையத் தெளிவாகியிருந்தது. ஆனால் தரவுத்தளத்தை உருவாக்கும் படியில் யூடிஎஃப்8எம்பி4 என்ற அந்தச் சொல் இன்னும் இல்லை. பழைய பதிப்பை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் மறுபடி அதே குழியில்தான் விழுவார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த முறை ஒரு இஷ்யூ திறந்து மூன்றே வாக்கியம் எழுதினேன்: எங்கே சிக்கல், எந்தப் பதிப்பில், இந்த இரண்டு வரியைச் சேர்க்கலாமா. கடையில் எடுத்து வைத்திருந்த அந்தப் பழைய கேள்விக்குறி பில்லின் படத்தையும் சேர்த்தேன். ஒன்பது மணி நேரத்தில் பதில் வந்தது, அனுப்புங்கள், நானே பார்க்கிறேன் என்று. என் பெரிய கையேட்டை மூடியவரேதான். கட்டளையில் ஒரு சொல், அது ஏன் என்று ஒரு வாக்கியம். அனுப்பினேன். காற்புள்ளி ஒன்றை மாற்றச் சொன்னார், மாற்றினேன், அன்று சாயந்திரமே சேர்ந்துவிட்டது. கீழே அவர் எழுதியிருந்தார், ஆகஸ்டில் நீங்கள் அனுப்பியதற்குள்ளும் இது இருந்ததா என்று. இருந்தது. 23ஆவது கோப்பில்.

அதற்கப்புறம் சின்னச் சின்னதாக இருபத்தாறு திருத்தங்கள் சேர்ந்திருக்கின்றன. வாரத்துக்கு நான்கு மணி நேரம், ஞாயிறு காலை மட்டும். நேரம் முடிந்தால் எந்த நிலையில் இருந்தாலும் புஷ் செய்துவிட்டு மூடிவிடுவேன். எழுதியதை ஒரு சுத்தமான புது நிறுவலில் முதல் வரியிலிருந்து கடைசி வரை செய்து பார்க்காமல் அனுப்புவதில்லை. நம் கணினியில் முன்பே இருக்கும் ஏதோ ஒன்று நமக்குத் தெரியாமல் கைகொடுத்துக்கொண்டிருக்கும், புதியவருக்கு அது இருக்காது. டேனியலே ப்ரோசிடா என்பவர் ஆவணங்களை நான்காகப் பிரித்துச் சொல்லியிருப்பதும் எனக்கு மிகவும் உதவுகிறது: கைப்பிடித்துக் கற்றுத்தருவது, ஒரு வேலையை முடிக்க வழி சொல்வது, தகவலைத் தேடிப் பார்க்க வைப்பது, ஏன் அப்படி என்று விளக்குவது. என் பழைய கையேட்டில் ஒரே பக்கத்தில் இந்த நான்கும் குழம்பிக் கிடந்தன. அவசரமாக பில் போட வேண்டிய கடைக்காரருக்கு நான் தரவுத்தள வரலாறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

டெக்னிக்கல் ரைட்டர் வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஒரு இடத்தில் நேர்முகம் வரை போனேன். அங்கே என்னைக் கேள்வி கேட்டவர் சான்றிதழைத் தொடவில்லை, என் புல் ரிக்வெஸ்ட்டுகளின் கீழே நடந்த உரையாடல்களைத்தான் திறந்து படித்தார். திருத்தச் சொன்னால் எப்படிப் பதில் சொல்கிறேன் என்று பார்த்தாராம். அனுபவம் போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். வருத்தம்தான். ஆனால் எதைக் காட்ட வேண்டும் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

போன வாரம் அந்த இரண்டு வரியைச் சுட்டி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் கேட்டிருந்தார்: ஏற்கெனவே கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட பெயர்களை மீட்க முடியுமா? முடியாது. கேள்விக்குறியாகச் சேமித்த கணத்திலேயே எழுத்து போய்விடும், பிறகு அமைப்பை மாற்றினாலும் திரும்பாது. புதிதாக வருபவை மட்டும் சரியாக வரும். சித்தப்பா கடையில் 340 பெயர்களை அவர் படிக்கப் படிக்க நான் மறுபடி அடித்தேன், இரண்டு ராத்திரி ஆனது. இதைக் கையேட்டில் சேர்க்கலாமா என்று முதலில் கேட்டேன், சரி என்றார்கள். ஐந்து வரி. இன்று காலை அனுப்பியிருக்கிறேன், இன்னும் யாரும் பார்க்கவில்லை.